இல்லை என்று சொல்ல ஓர் அச்சு

தெய்வானை போய்விட்ட செய்தி என்னைத் தேடி வரவில்லை. நான்தான் அதைத் துரத்திக்கொண்டு தாராபுரத்திலிருந்து போத்தனூர் வரைக்கும் போனேன். வழியெல்லாம் அது எனக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்று காலை தாராபுரத்தில், பம்புசெட் டீலர் செல்லமுத்துவின் கடையில் உட்கார்ந்து சரித்திரம் காணாத ஒரு சொற்பொழிவை நிகழ்த்திக்கொண்டிருந்தேன். பழுதான பழசுக்குப் பதிலாக அவருக்கு நாங்கள் தருவதாகச் சொல்லியிருந்த புது மோடம், அதாவது டெலிபோன் கம்பி வழியாக ஒரு கம்ப்யூட்டரை இன்னொரு கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் சின்னப் பெட்டி, இன்னும் வந்துசேரவில்லை. ஆனால் என் வாய்க்குள் அது பம்பாயில் ரயிலேறி, போத்தனூர் ஜங்ஷனில் மேளதாளத்தோடு இறங்கி, லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தது. "இந்நேரம் பல்லடம் தாண்டியிருக்குமுங்க" என்று சொல்லி நான் மூச்சு வாங்குவதற்குள் கடை டெலிபோன் அடித்தது. செல்லமுத்து எடுத்துக் கேட்டுவிட்டு, "உங்களுக்குத்தானுங்க மாமா. மோடமே பேசுதாட்ட இருக்குது" என்று நீட்டினார்.

பேசியது எங்கள் ஆபீஸ் மூர்த்தி.

"மாமா, தெய்வானையக்காவுக்குக் கொஞ்சம் சீரியஸ்ங்க. நீங்க வந்துருங்க."

"என்றா சீரியஸ்? நேத்துத்தான் இட்லி வேகலைன்னு ஆஸ்பத்திரிக் கேன்டீனையே ஒரு புடி புடிச்சிக்கிட்டிருந்துச்சு?"

"வாங்க மாமா."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"வந்துபோட்டுப் பேசிக்கலாமுங்க மாமா. பஸ் ஏறுங்க."

"இருக்குதா, இல்லையாடா?"

"நீங்க வாங்க மாமா." வைத்துவிட்டான்.

நம் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் இந்தக் 'கொஞ்சம் சீரியஸ்' தெரியும். உயிர் ஊசலாடினாலும் அதுதான் சொல்வோம். உயிர் போய்ப் பந்தல் போட ஆள் வந்துவிட்டாலும் அதுதான் சொல்வோம். தூரத்தில் இருப்பவர் பதறிவிடக் கூடாது, பஸ்ஸில் மயங்கி விழுந்துவிடக் கூடாது என்ற மரியாதை. கேட்கிறவனுக்கு மட்டும் எது எது என்று கடைசிவரை தெரியாது. தெய்வானை உயிரோடு இருக்கிறாளா? அந்த ஒரே கேள்வியோடு நான் பஸ் ஏறினேன்.

ஏறினேன் என்று எழுதுவது எளிது. உட்கார முடியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தேன், வெயில் அடித்தது. எழுந்து டிரைவருக்குப் பின்னால் போனேன், ரோடு நத்தை மாதிரி வந்தது. படிக்கட்டுக்கு வந்தேன். திரும்ப ஜன்னலுக்குப் போனேன். குண்டடம் வருவதற்குள் அந்தப் பஸ்ஸின் எல்லா இருக்கைகளுக்கும் என் உடம்புச் சூடு தெரிந்துவிட்டது. கண்டக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, ஒரு எடத்துல குந்துங்களே. நீங்க நடந்தா பஸ்சு வெரசாப் போயிருமுங்களா?"

"போகுமுன்னா சொல்லுங்க, ஓடவே செய்யறேன்" என்றேன்.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் தெய்வானையிடம் ஒருமுறையாவது திட்டு வாங்கியவர்கள். வாங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காந்திபுரத்தில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி இருந்தது. பன் வேகிற வாசனையில் ப்ரோகிராம் எழுதிய கம்பெனி பூலோகத்தில் அது ஒன்றுதான். வேலைக்கு ஆள் எடுப்பதும், வாடிக்கையாளரைப் பிடிப்பதும், பிடித்தவர் ஓடிப்போகாமல் பேசியே கட்டிவைப்பதும் என் இலாகா. நேர்காணலுக்கு வந்த தெய்வானையிடம் வழக்கம்போல, "அம்மணி, நம்ம கம்பெனி இந்தியாவுலயே மூணாவது எடத்துல இருக்குது" என்று ஆரம்பித்தேன். அவள் அங்கே இருந்த மூன்று கம்ப்யூட்டரையும், அதில் ஒன்றின் மேல் காய்ந்துகொண்டிருந்த மூர்த்தியின் துண்டையும் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, முதல் ரெண்டு கம்பெனியும் இதே மாடியிலயா இருக்குதுங்க?"

அன்றிலிருந்து நான் அவளுக்கு மாமா; அதைக் கேட்டுக் கோயமுத்தூருக்கே மாமா. அவளைப் பற்றி அச்சில் எழுதும்போது 'அவர்' போடவேண்டும் என்பது எனக்கும் தெரியும். போட்டால் எழுந்துவந்து சண்டை பிடிப்பாள். அந்த ஆசையில்கூடப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. ஆகவே அவள்தான்.

எங்களுக்கு வாய்த்த பெரிய வாடிக்கையாளர் பம்புசெட் தயாரிக்கும் ரங்கசாமி ஐயா. அவருடைய டீலர்கள் எந்த ஊரில் இருந்தாலும், தங்கள் கம்ப்யூட்டரை டெலிபோனில் மாட்டினால் இங்கே உள்ள எங்கள் கம்ப்யூட்டரைக் கேட்கலாம்: இன்ன மோட்டார் இருக்கிறதா, என்ன விலை, எப்போது கிடைக்கும். இங்கிருந்து பதில் போகும். கேட்பதும் மிசின், சொல்வதும் மிசின். இன்டர்நெட் என்ற சொல்லை நகரில் பாதிப்பேர் ஏதோ புதுப் பூச்சிமருந்தின் பெயர் என்று நினைத்திருந்த காலத்தில் நாங்கள் இதைச் செய்தோம். மீதிப் பாதிப்பேரை அப்படி நினைக்கவைத்தது என் விளக்கம்.

தெய்வானை வருவதற்கு முன்னால் இந்தப் பதில்களை ஆளுக்கொரு மாதிரி எழுதிவைத்திருந்தார்கள். மூர்த்தி எழுதிய பதிலில் விலை முதலில் வரும். இன்னொருவன் எழுதியதில் விலை கடைசியில், அதுவும் 'ரேட்' என்ற பெயரில். ஒன்றில் எண் மட்டும், ஒன்றில் எண்ணோடு 'ரூபாய் மட்டும்' என்று காசோலை மாதிரி. மனிதன் படித்தால் எப்படியோ புரிந்துகொள்வான். அந்தப் பக்கம் படித்ததோ மிசின். இரண்டாவது வரியில் விலை வரும் என்று காத்திருந்த மிசினுக்கு மோட்டாரின் எடை வந்தது. ஒரு டீலரின் கம்ப்யூட்டர் எடையை விலையாக எடுத்துக்கொண்டு, மோட்டாரைக் கத்தரிக்காய் விலைக்கு பில் போட்டது. அன்று மட்டும் அந்தக் கடையில் திருவிழாக் கூட்டம் என்று நான் சொல்லித் திரிந்தேன். உண்மையில் வந்தது ஒரே ஒருவர். அவரும் நல்லவர், பில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தெய்வானை எல்லாவற்றையும் கலைத்துப் போட்டாள். பதிலுக்கு ஓர் அச்சு செய்தாள். டெம்ப்ளேட் என்பார்கள், அவள் வாயில் அது அச்சுதான். ஒரு மோட்டாரைப் பற்றிய பதில் என்றால் எந்த வரியில் எது வரவேண்டும் என்று ஓர் அச்சு. நிறைய மோட்டார்களின் பட்டியல் கேட்டால் புதிதாக எழுதவேண்டியதில்லை. பட்டியலுக்கான பெரிய அச்சுக்குள் அதே சின்ன அச்சைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்வது. ஸ்பேர் பார்ட்ஸ் வந்தாலும் அதே கதை. எது மாறினாலும் ஓர் இடத்தில் மாற்றினால் போதும், எல்லாப் பதிலும் மாறிவிடும்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் கருமத்தம்பட்டிப் பக்கத்தில் அருமைக்காரர்கள். கல்யாண வீட்டில் சீர் ஒவ்வொன்றையும் முறைப்படி முன்னின்று நடத்திவைக்கும் தம்பதி. அவர்கள் பின்னாலேயே மண்டபம் மண்டபமாக அலைந்து வளர்ந்தவள். மூர்த்திக்கு அச்சு புரியாதபோது அவள் சொன்னாள்: "இத பாரு மூர்த்தி. எங்கப்பன் ஊட்டுக்கு ஊடு புதுசாச் சீர் கண்டுபுடிக்கறாரா? சீர் ஒண்ணுதான். பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு, ஊரு பேரு, அது மட்டுந்தான் மாறும். நீ என்னடான்னா கல்யாணத்துக்குக் கல்யாணம் தாலிய ஒரு தடவ கழுத்துல கட்டறே, ஒரு தடவ காலுல கட்டறே."

அதன் பிறகு மூர்த்தி எழுதியதைப் பார்க்கும்போதெல்லாம், "கழுத்தா, காலா?" என்று கேட்பாள். அவன் பதறிப்போய்த் திரும்ப ஒருமுறை படிப்பான்.

பல்லடத்தில் பஸ் நின்றது. இறங்கி ஒரு எஸ்டிடி பூத்தில் ஆபீசுக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. தெய்வானை வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு எண் என்னிடம் இல்லை. திரும்பி வந்தால் பஸ் உறுமிக்கொண்டிருந்தது, கண்டக்டர் எனக்காகவே விசில் அடிக்காமல் நின்றிருந்தார். "ஒறம்பரைங்களா, சொந்தமுங்களா?" என்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "அதுக்கும் மேலீங்க" என்றேன். அதற்கப்புறம் அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

அந்தச் சூலூர் ரோட்டில் எனக்கு வேறெதுவும் ஞாபகம் வரவில்லை. ரங்கசாமி ஐயாவோடு அவள் போட்ட சண்டைதான் திரும்பத் திரும்ப வந்தது.

எல்லா அச்சும் ஆயிற்று. கடைசியில் ஒன்று மிச்சம்: கேட்ட மோட்டார் இருப்பில் இல்லை என்றால் என்ன பதில் போகவேண்டும்? தெய்வானை 'இல்லை' என்று போட்டிருந்தாள். ரங்கசாமி ஐயா அதைப் பார்த்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பழைய காலத்து மனிதர். அவர் வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட 'நிறைஞ்சிருக்குது' என்றுதான் சொல்வார்கள்.

"ஏனுங்க அம்மணி, எங்க வாசலுக்கு வந்து கேட்டவங்களுக்கு இல்லைங்கற வார்த்தைய எங்கப்பாரு காலத்துல இருந்து நாங்க சொன்னதில்லீங்க. நாம சொல்லாதத மிசினு சொல்லலாமுங்களா? 'வந்துட்டிருக்குது'ன்னு போடுங்க."

"வந்துட்டிருக்குதுங்களா ஐயா?"

"இன்னிக்கு வரலீன்னா என்னிக்காச்சும் வருமல்லோ."

நான் உடனே, "ஐயா சொல்றது தங்கமான வார்த்தை!" என்று எழுந்து நின்றேன். என் வாழ்க்கையின் வேதமே அதுதானே. தெய்வானை என்னைப் பார்த்த பார்வையில் கீழே பேக்கரி அடுப்பு அணைந்துவிட்டது.

"மாமா, அக்கட்டால படிக்கறது மிசினு. அதுக்கு மரியாதையுந் தெரியாது, வெக்கமுந் தெரியாது. இருக்குன்னா இருக்கு, இல்லைன்னா இல்லை. நடுவால நிக்க வெச்சா அது பாட்டுக்கு நின்னுக்கிட்டே இருக்கும்."

ஐயா சொன்னதே நடந்தது. அவள் சொன்னதும் நடந்தது. எண் இருக்கவேண்டிய இடத்தில் 'வந்துட்டிருக்குது' என்று வந்ததும், டீலர்களின் மிசின்கள் பதில் இன்னும் முடியவில்லை என்று எண்ணிக்கொண்டு திரும்பக் கேட்டன. எங்கள் மிசின் திரும்ப 'வந்துட்டிருக்குது' என்றது. அவை திரும்பக் கேட்டன. எங்கள் டெலிபோன் கம்பி சூடேறி அதன்மேல் உட்கார்ந்த காக்காய்கள் காலை மாற்றி மாற்றி வைத்தன என்று நான் வெளியில் சொன்னேன். லைன் கிடைக்காமல் வேறு எந்த டீலரும் எதையும் கேட்க முடியவில்லை என்பது மட்டும் முழு உண்மை.

அதுவும் பெரிதில்லை. இதே செல்லமுத்து ஒருநாள் தாராபுரத்திலிருந்து ஒரு விவசாயியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். சின்ன வெங்காயம் போட்டவர். கிணற்று மோட்டார் எரிந்துபோய், புதுசுக்குச் செல்லமுத்துவிடம் சொல்லிவைத்திருக்கிறார். செல்லமுத்துவும் தினமும் மிசினைக் கேட்டிருக்கிறார். மிசின் தினமும் வந்துட்டிருக்குது என்றிருக்கிறது. நம்பிக் காத்திருந்ததில் வெங்காயம் முக்கால்வாசி காய்ந்துவிட்டது. அந்த விவசாயி ரங்கசாமி ஐயா முன்னால் சத்தம் போடவில்லை. அதுதான் கொடுமை.

"இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, நான் வேற கம்பெனி மோட்டாரு வாங்கியிருப்பேனுங்க. அதுக்கு உங்க மேல வருத்தப்பட்டிருக்க மாட்டேனுங்க."

ஐயா துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தெய்வானையைப் பார்த்து, "இல்லைன்னே போட்டுருங்க அம்மணி. ஆனா மூஞ்சில அடிச்சாப்பல வேண்டாம்" என்றார்.

அவள் அதற்கென்று ஓர் அச்சு செய்தாள். என் கண்ணில் அவள் செய்ததிலேயே அதுதான் பெரிது. மூன்றே வரி. அதைச் சொல்லும்போது விரல் மடக்குவாள்: "மொத வரில ஆமாவா, இல்லையா. ரெண்டாவது வரில என்ன, ஏதுன்னு. மூணாவது வரில, கேட்டவங்க இனி என்ன செய்யலாம்னு." மோட்டார் இல்லை, இன்ன மாடல் தீர்ந்துவிட்டது, இதற்குப் பதிலாக இது இருக்கிறது, அல்லது வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது வரியை ஐயா தன் வாயால் படித்துப் பார்த்தார். "பரவால்லீங்க. இல்லைன்னு சொல்லியும் மருவாதி கெடலீங்க" என்றார்.

"அந்த மூணாவது வரிதானுங்க ஐயா மருவாதி" என்றாள் தெய்வானை.

அதே அச்சை அதன்பின் ஸ்பேர் பார்ட்ஸுக்கு எடுத்தோம், கிரைண்டர் கம்பெனி ஒன்றுக்கு எடுத்தோம், நூல் வியாபாரிக்கு எடுத்தோம். பெயர்கள் மாறின, சீர் மாறவில்லை. எனக்கும் அதை மாட்டிவிட அவள் படாத பாடு பட்டாள். யாராவது போனில் "வேலை முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டு, நான் "முடிஞ்ச மாதிரிதானுங்க!" என்று ராகம் இழுத்தால் எதிர் மேசையிலிருந்து ஒரு விரலைக் காட்டுவாள். மொத வரி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ராகத்தைத் தொடர்வேன்.

சிங்காநல்லூரில் பஸ்ஸிலிருந்து குதித்து ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரிக்கா, வீட்டுக்கா என்று மூர்த்தி சொல்லவில்லை; அவள் வீட்டுக்கே விடச்சொன்னேன். போத்தனூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி வந்தது, போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. இந்தியாவில் உள்ள மொத்த நிலக்கரியும் அன்றைக்குத்தான் அந்த வழியாகப் போகவேண்டும் என்று விதித்திருந்தது. இன்னும் உறுதியாக எதுவும் தெரியாது அல்லவா. அவள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து யாரையாவது திட்டிக்கொண்டிருக்கலாம். கேட் திறந்ததும் ஆட்டோ அவள் தெருவுக்குள் திரும்பியது. அவள் வீட்டு வாசலில் ஒரு டெம்போவிலிருந்து வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நாற்காலிகள் சொல்லின.

விஷக்காய்ச்சல், விடியற்காலையில் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள் என்பது பிறகு கேட்டுத் தெரிந்தது. ரயில்வேயில் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அதை எழுதப்போவதில்லை. வெளியே வந்து நிற்க முடியாமல் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். யாரோ கலைத்தார்கள், திரும்பப் போட்டேன்.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து மூர்த்தி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான். கையில் டெலிபோன். வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்தியிருந்தான். கண்ணெல்லாம் சிவப்பு.

"மாமா, கருமத்தம்பட்டியில இருந்து அக்காவோட அண்ணன் பேசறாருங்க. காலைலயே கொஞ்சம் சீரியஸ்னு சொல்லிப்போட்டேனுங்க. இப்ப தறிக்குடோன்ல இருந்து ஆளுகளக் கூட்டிக்கிட்டு வேன் ஏறப் போறாராமுங்க. என்ன குரூப்பு ரத்தம் வேணும்னு கேக்கறாருங்க."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். கோவையிலேயே இதற்குத் தகுந்த ஆள் நான்தான் என்று அவனுக்கு நம்பிக்கை. ஒரு பொய்யை எடுத்து, ஜரிகை வைத்து, அந்த மனிதரைப் பதறாமல் போத்தனூர் கொண்டுவந்து சேர்க்க என்னைவிட்டால் யார்? எனக்கும் வாயில் ஒன்று தயாராகவே வந்து நின்றது. அந்த நேரத்தில் எதிர் மேசையிலிருந்து ஒரு விரல் தெரிந்தது. டெலிபோனை வாங்கினேன்.

"குப்புசாமி, நான் மாமா பேசறனுங்க. தெய்வானை இல்லீங்க."

அந்தப் பக்கம் தறிகள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"காய்ச்சல் முத்தி, இன்னிக்கு விடியக்காலம் போயிருச்சுங்க. ரத்தத்துக்கு ஆளு வேண்டாமுங்க. அப்பா அம்மாவக் கூட்டிக்கிட்டு நேரா ஊட்டுக்கு வந்துருங்க. நீங்க வர்ற வரைக்கும் நாங்க எதுவும் செய்யமாட்டோம்."

தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. யாரோ நிறுத்திக்கொண்டே வந்தார்கள் போலிருக்கிறது. முழுசாக நின்றபிறகு அவர் பேசினார்.

"சொன்னீங்களே மாமா. காலைல இருந்து எல்லாரும் வா, வாங்கறாங்க. இருக்குதா இல்லையான்னு ஒருத்தருஞ் சொல்லலீங்க. கிறுக்குப் புடிச்சாப்பல ஓடிக்கிட்டிருக்கேன்." பிறகு, "அம்மாவ நான் பக்குவமாச் சொல்லிக் கூட்டியாரனுங்க" என்றார்.

டெலிபோனை வைத்தேன். மூர்த்தி, "இப்படிப் போட்டு ஒடச்சிட்டீங்களே மாமா" என்றான். பிறகு தேம்பித் தேம்பி அழுதான். காலையிலிருந்து எல்லோருக்கும் 'கொஞ்சம் சீரியஸ்' சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு அதுவரை அழ நேரமே கிடைக்கவில்லை.

தெய்வானை எழுதிய ப்ரோகிராம்கள் கம்பெனிக்கு. அவளுடைய மேசை இப்போது மூர்த்திக்கு. அவள் திட்டிய திட்டுகள் உங்கள் எல்லோருக்கும் சரிசமமாக. எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த மூன்று வரி அச்சு. அதிலும் முதல் வரி. கழுத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி கனக்கிறது, இன்னும் பழகவில்லை. வாய் பழைய ராகத்துக்கே ஓடுகிறது, பிடித்து இழுத்துவர வேண்டியிருக்கிறது.

நேற்று செல்லமுத்து போன் செய்தார்.

"ஏனுங்க மாமா, அந்த மோடம் பல்லடத்துல இருந்து வந்துருச்சுங்களா?"

"இல்லீங்க" என்றேன். "அது பம்பாயில இருந்தே இன்னும் கெளம்பலீங்க. கோயமுத்தூர்லயே ஒரு கடையில இருக்குது, அவசரம்னா அங்க வாங்கிக்குங்க."

அவர் கடைப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"தெய்வானை அம்மணி பேசறாப்பலயே இருக்குதுங்க" என்றார் செல்லமுத்து.